பிரதி செய்தலும் பிறர் உரிமையும்

(பதுளையில் தமிழாசிரியராகப் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர் வரைந்தது)

அச்சியந்திரம் நம் நாட்டிற் பரவுவதற்கு முன்னர், ஒரு நூலைப் பிரதி செய்தல் அறச்செயலாகவே மதிக்கப்பட்டது. பனையேட்டைக் கறையானும் ஈரமும் அழித்துவிடும். ஆதலின் நூல் ஒன்று வாழவேண்டுமாயின், அதனைத் தலைமுறைதோறும் பெயர்த்தெழுதுவோர் வேண்டும். அங்ஙனம் எழுதுவோனை நோக்கி, “நூலாசிரியரின் அனுமதி பெற்றனையோ?” என்று எவரும் வினவவில்லை. பின்னர் அச்சு வந்தது. ஆறுமுக நாவலர் 1849 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையில் அச்சியந்திரசாலை நிறுவினார். சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடுகள் பலவற்றைத் தேடித் தொகுத்து ஒப்புநோக்கி, 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். ஏடு தேடுதற்கும் எழுத்துக் கோத்தற்கும் தாள் வாங்குதற்கும் பொருள் செலவாயிற்று. செலவு செய்தவர் அதனை மீட்டற்கு வழி வேண்டுமன்றோ? எனவே, பிரதி செய்தல் என்பது அறமாக மட்டும் நில்லாது, உரிமையாகவும் உடைமையாகவும் மாறிற்று. இவ்வுரிமையையே நாம் பதிப்புரிமை என்கின்றோம்.

இவ்வுரிமை கதைநூலைப் பற்றியதாயின் அதனை வழக்கறிஞரிடம் விட்டுவிடலாம். நோயாளியின் கட்டிலருகே நிற்கும் ஒருவருக்கு வேண்டிய பக்கத்தைப் பற்றியதாகும்போது, அது நம் எல்லோரையும் தொடுகின்றது. வைத்தியசாலை நூலகத்திலே சஞ்சிகைக் கட்டுரை ஒன்றையோ நூலின் இயல் ஒன்றையோ போட்டோப் பிரதி எடுக்கலாமா? எடுப்பதாயின் எவ்வளவு எடுக்கலாம்? அதற்குரிய கட்டணத்தை யார் செலுத்துவது? தமிழ் கற்பிக்கும் எமக்கு இவ்வினாக்களோடு என்ன தொடர்பு என்று, எம்மோடு விடுதியில் ஒன்றாக உண்டுறங்கிய பழைய நண்பர்கள் வியக்கக்கூடும். அத்தொடர்பு எம் மாணவி ஒருத்தியால் உண்டாயிற்று.

பசறைப் பகுதித் தோட்டம் ஒன்றின் லயத்திலிருந்து நாள்தோறும் மலையிறங்கி வந்து எம்மிடம் தமிழ் கற்றவள் அவள். தாயார் கொழுந்து பறிப்பவர். அவள் தாதியர் பயிற்சிக்குத் தெரிவு செய்யப்பட்ட செய்தி கேட்டு, அந்த லயம் முழுவதும் தன் வீட்டுப் பிள்ளைக்கே வேலை கிடைத்தாற்போல மகிழ்ந்தது. பயிற்சி தொடங்கிச் சில மாதங்களின் பின் ஒரு விடுமுறை நாளில் அவள் எம் இல்லத்துக்கு வந்தாள். பாடத்துக்கு வேண்டிய ஆங்கில நூல் ஒன்று நூலகத்தில் ஒரே பிரதியாக இருந்தது, மாணவியரோ பலர். அதனை விலைக்கு வாங்குவதாயின் தாயாரின் மாதச் சம்பளத்திற் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும். நூலகத்திலிருந்தவர் சில பக்கங்களைப் பிரதி எடுக்க இசைந்தார். முழு நூலுக்கு இசையவில்லை.

“சேர், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில முழுப் புத்தகத்தையும் அடிச்சுத் தர்றாங்களாம். அது தப்புங்களா?” என்று அவள் கேட்டாள்.

பலர் கேளாமலே செய்வதை, இப்பெண் கேட்டுவிட்டுச் செய்ய விரும்பினாள். அத்தகைய வினாவுக்கு வாயில் வந்ததைச் சொல்லி அனுப்புதல் ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. “இரண்டு நாள் பொறு அம்மா, படித்துப் பார்த்துச் சொல்கிறோம்” என்றோம். சட்ட நூலை எடுத்து வைத்துக்கொண்டு, இலக்கணச் சூத்திரத்தைப் பதவுரை காண்பதுபோல வரிவரியாகப் படித்தோம்.

இலங்கையில் இப்பொழுது நடைமுறையிலுள்ளது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமாகும். ஆசிரியர் ஒருவரின் ஆக்கத்தை அவர் வாழ்நாள் முழுவதும், அதன்பின் 70 ஆண்டுகளும் இச்சட்டம் காக்கின்றது. ஆயினும் வேலி போட்ட தோட்டத்திலும் ஒற்றையடிப்பாதை ஒன்று விடப்படுவதுபோல, 11 ஆம், 12 ஆம் பிரிவுகளிலே நியாயப் பயன்பாடு என்னும் வழி விடப்பட்டுள்ளது. ஒருவர் தம் சொந்தத் தேவைக்காக, வெளியிடப்பட்ட ஆக்கத்தின் ஒரு பிரதியை எடுத்துக்கொள்ளலாம். எனினும் முழு நூலையோ அதன் பெரும்பகுதியையோ போட்டோப் பிரதி எடுத்தற்கு அவ்விலக்கு இடந்தராது. இலாப நோக்கற்ற நூலகம் ஒன்று, வாசகர் ஒருவர் வேண்டிக்கொண்டால், வெளிவந்த கட்டுரை ஒன்றையோ, சிற்றாக்கம் ஒன்றையோ, நூலின் சிறு பகுதியையோ ஒரேயொரு பிரதி எடுத்துக் கொடுக்கலாம். அப்பிரதி படிப்புக்கோ ஆய்வுக்கோ மட்டும் பயன்படும் என்று நூலகம் திருப்தியுறவேண்டும். மீண்டும் மீண்டும் எடுப்பதாயின், அவை ஒன்றோடொன்று தொடர்பற்ற தனித்தனிச் சந்தர்ப்பங்களாதல் வேண்டும். தன்னிடமிருந்த பிரதி தொலைந்தாலோ சிதைந்தாலோ அதற்கு ஈடாக ஒன்றை எடுத்துவைத்தற்கும் நூலகத்துக்கு வழி உண்டு.

எனவே எம் மாணவிக்கு விடை தெளிவாயிற்று. நூலகத்தார் சில பக்கங்களோடு நிறுத்தியது கடுமையன்று. சட்டத்தின் அளவை அறிந்து செய்த செயலேயாம். வேண்டிய இயலை அவள் பெறலாம். முழு நூலையும் கடையில் அடித்துக் கட்டுதல் ஆகாது. இவ்விடையைக் கூறியபோது அவள் முகம் வாடியதை யாம் கண்டோம். சட்டம் சரியாயிருந்தது, ஆனால் அவளுக்கு நூல் கிடைக்கவில்லை. இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாயிருத்தலே இப்பொருளிலுள்ள இடர்.

இதன் மறுபக்கத்தையும் யாம் அறிவோம். கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி முடித்து வந்த சில ஆண்டுகளில், தோட்டப் பாடசாலை மாணவர்க்கென இலக்கணப் பயிற்சி நூல் ஒன்றை ஆக்கினோம். புணர்ச்சி விதிகளுக்கு எடுத்துக்காட்டாகப் பிள்ளைகள் அன்றாடம் காணும் மலை, கொழுந்து, பனிமூட்டம் முதலியவற்றையே தேர்ந்து அமைத்தோம். இரவுகள் பல கழிந்தன. அச்சுக்கூலிக்குச் சங்கத்திற் கடன் பெற்றோம். நூல் வெளிவந்த மறு ஆண்டிலே, அயலூர்த் தனியார் வகுப்பு ஒன்றில் அதன் பக்கங்கள் அப்படியே பிரதி எடுக்கப்பட்டு விலைக்கு விற்கப்படுதலைக் கண்டோம். முதற் பக்கம் மட்டும் நீக்கப்பட்டிருந்தது; அதிலேதான் எம் பெயர் இருந்தது. காசு போனதைக் காட்டிலும் பெயர் போனதே எம்மை வருத்திற்று. ஆசிரியனின் பெயரை அவன் ஆக்கத்தோடு வைத்தல் வேண்டும் என்பதையும் சட்டம் தனியோர் உரிமையாக 10 ஆம் பிரிவிலே கூறுகின்றது. பெற்றவளின் பெயரை மறைத்துப் பிள்ளையைக் கொண்டு செல்வதற்கு ஒப்பானது அச்செயல் என்று அன்று உணர்ந்தோம்.

ஆகவே, பிரதி வேண்டுவோரின் வறுமையையும் பிரதி செய்யப்படுவோரின் வருத்தத்தையும் யாம் ஒருங்கே அறிந்தவர்களானோம். இரண்டையும் ஒரு தராசிலிட்டு நிறுத்தற்கு உலகம் என்ன செய்திருக்கின்றது என்று தேடலானோம்.

சட்டமும் இயந்திரமும் ஏறக்குறைய ஒரே நாளில் நம்மை வந்தடைந்தன என்பது முதலிற் கண்ட வியப்பு. ஆக்கங்களைக் காக்கும் பேர்ண் உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 1959 ஆம் ஆண்டு யூலை மாதத்திலாகும். செஸ்டர் கார்ல்சன் என்பார் 1938 இல் கண்டறிந்த உலர்முறைப் படியெடுப்பை, எவரும் பொத்தானை அழுத்திப் பயன்படுத்தத்தக்க அலுவலக இயந்திரமாக செரொக்ஸ் கம்பனி வெளியிட்டதும் அதே 1959 ஆம் ஆண்டிலேயாம். அதற்கு முன் ஒரு கட்டுரையைப் படியெடுக்க விரும்புவோர் பெரும்பாலும் கையால் எழுதவேண்டும்; அல்லது எம் பள்ளிநாள்களிற் பரீட்சைத் தாள்களை உருட்டிய ரோனியோ இயந்திரத்துக்கென மெழுகுத்தாளில் மறுபடியும் தட்டச்சுச் செய்யவேண்டும். உழைப்பே தடையாயிருந்தது. தடை நீங்கியதும் வழக்குத் தோன்றிற்று.

அவ்வழக்கு தோன்றிய இடமும் வைத்திய நூலகமே. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவன நூலகமும் தேசிய மருத்துவ நூலகமும், ஆய்வாளரும் வைத்தியரும் வேண்டிய கட்டுரைகளைப் பிரதி எடுத்துக் கொடுத்துவந்தன. 1970 ஆம் ஆண்டில் மட்டும் சுகாதார நிறுவன நூலகம் நிறைவேற்றிய வேண்டுகோள்கள் 85,744; எடுக்கப்பட்ட பக்கங்கள் ஏறக்குறைய 930,000. மருத்துவச் சஞ்சிகைகளை வெளியிட்டுவந்த வில்லியம்ஸ் அண்ட் வில்கின்ஸ் என்னும் பிரசுரகர்த்தர், “பிரதியே போதுமாயின் எம் சஞ்சிகைக்குச் சந்தா கட்டுவார் யார்?” என்னும் கவலையோடு 1968 இல் அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். 1972 இல் முதல் விசாரணையில் தீர்ப்பு பிரசுரகர்த்தர் பக்கம் சாய்ந்தது. 1973 இல் உரிமைக் கோரிக்கை நீதிமன்று, நால்வருக்கு மூவர் என்ற அளவில், நூலகங்கள் செய்தது நியாயப் பயன்பாடே என்று மாற்றிற்று. 1975 இல் உயர் நீதிமன்றிலே நீதியரசர்கள் நால்வரும் நால்வருமாகச் சமமாகப் பிரிந்தனர். ஆதலின் முன்னைய தீர்ப்பே நிலைத்தது. மருத்துவ ஆராய்ச்சி தடைப்படுதலாகாது என்பது நூலகத்தார் பக்கத்துக்கு வலிமை தந்த நியாயம். சஞ்சிகைகள் நலிந்தால் நாளை பிரதி எடுத்தற்கும் ஒன்றுமிராது என்பது எதிர்ப்பக்கத்தின் நியாயம். இரண்டும் பொய்யல்ல, அதனாலேயே அத்துணை நீதியரசரும் இரு கூறாயினர் போலும்.

இத்தகைய பிணக்கிலிருந்து பிறந்ததே கூட்டு உரிமம் என்னும் ஏற்பாடு. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வோர் ஆசிரியரைத் தேடி அனுமதி பெறுதல் நடவாத காரியம். ஆகவே ஆசிரியரும் பிரசுரகர்த்தரும் ஒரு சங்கமாகச் சேர்வர்; நூலகமோ அதன் மேலாயுள்ள திணைக்களமோ ஆண்டுதோறும் ஒரு தொகையை அச்சங்கத்துக்குச் செலுத்தும்; அதற்கீடாக, குறித்த அளவுக்குள் எவர் வேண்டினும் பிரதி எடுக்கலாம்; சேர்ந்த பணம் உரியவர்க்குப் பங்கிடப்படும். அமெரிக்காவில் 1978 இலும் பிரித்தானியாவில் 1983 இலும் இதற்கான அமைப்புகள் தோன்றின. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவைக்கு அங்ஙனம் பெறப்பட்ட உரிமத்தினால், குறித்த அளவுக்குள் அங்குள்ள தாதியும் வைத்தியரும் பிரதி எடுத்துக்கொள்கின்றனர். இங்கு யாம் கருத்திற் கொள்ளவேண்டியது ஒன்று: கட்டணத்தைத் தாதி செலுத்துவதில்லை, சேவையே செலுத்துகின்றது.

நம் அயல்நாட்டிலும் இவ்வழக்கு வேறொரு வேடத்தில் வந்தது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த இராமேசுவரி என்னும் சிறு போட்டோப் பிரதிக் கடை, பாடத்துக்கு வேண்டிய பகுதிகளைப் பல நூல்களிலிருந்து தொகுத்துக் கட்டி மாணவர்க்கு விற்றுவந்தது. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், டெயிலர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய பிரசுரகர்த்தர் மூவரும் 2012 இல் அக்கடைமீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குத் தொடுத்தனர். உரிமம் பெற்று எடுங்கள் என்பதே அவர்கள் கோரிக்கை. 2016 ஆம் ஆண்டு செப்டெம்பர் 16 ஆம் நாள் டெல்லி மேல் நீதிமன்று அவ்வழக்கைத் தள்ளிற்று. அதே ஆண்டு டிசெம்பரில் இரு நீதியரசர் கொண்ட அமர்வும், கற்பித்தலுக்குத் தேவையான அளவு பிரதி செய்தல் இந்தியச் சட்டத்துக்கு அமைந்ததே என்னும் கொள்கையை ஏற்றது. 2017 இல் பிரசுரகர்த்தர் வழக்கைக் கைவிட்டனர்.

டெல்லித் தீர்ப்பைக் கேட்டவுடன், “நாமும் அவ்வாறே செய்யலாமே” என்று துள்ளுவோர் இருக்கலாம். அது பொருந்தாது. இந்தியாவின் 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்கள் வேறு. நம் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்கள் வேறு. நம் சட்டம் நூலகத்துக்கும் பாடசாலைக்கும் தந்த விலக்கினுள்ளே ஒரு நிபந்தனையைப் பொதித்து வைத்திருக்கின்றது. கூட்டு உரிமம் ஒன்று கிடைக்கத்தக்கதாயிருந்து, அது கிடைக்கும் என்பதை நூலகம் அறிந்தோ அறியவேண்டியதாகவோ இருந்தால், அவ்விலக்கு அங்கே செல்லாது. இந்நிபந்தனையை யாம் மும்முறை படித்தோம். உரிமம் விற்கும் வாயில் திறக்கும் நாளிலே, இலவசமாகச் செல்லும் ஒற்றையடிப்பாதை அந்த அளவுக்கு மூடப்படும் என்பதே அதன் பொருள்.

இது தீயதன்று. எழுதியவர்க்கு ஊதியம் கிடைத்தல் நல்லதே. அதனை எம் இலக்கண நூல் எமக்குக் கற்பித்தது. ஆயின், அவ்வாயிலிலே காசு நீட்டவேண்டியவர் யார் என்பதை இன்றே தீர்மானித்தல் வேண்டும். அந்தச் செலவு நூலகத்திலிருந்து வாசகரின் தலைமேலும், வாசகரிலிருந்து பயிற்சித் தாதியின் தலைமேலும் இறங்குமாயின், மடுல்சீமையிலோ லுணுகலையிலோ லயத்துப் பிள்ளை ஒருத்தி ஒரு நோயைப் பற்றிய நான்கு பக்கங்களைப் படியாமலே நோயாளியிடம் போவாள். நட்டம் அவளுக்கு மட்டுமன்று. கட்டிலிற் கிடப்பவருக்கும் ஆகும். ஆதலின் நம் வைத்தியசாலை நூலகங்கள், தாதியர் கல்லூரி நூலகங்கள் யாவற்றுக்குமாகச் சுகாதார அமைச்சே ஒரே உரிமத்தைப் பெற்றுச் செலுத்துதல் முறையாகும். கட்டணம் பேசும் மேசையிலே நூலகர்களின் சார்பிலும் ஒருவர் அமர்ந்திருத்தல் வேண்டும். பெரிய வைத்தியசாலைக்கும் மலைமேலுள்ள சிறிய வைத்தியசாலைக்கும் ஒரே விதி வழங்கவேண்டும். இதுவே இக்கட்டுரையில் யாம் சொல்ல வந்த பொருள். ஏனையவை இதற்கு அரண்.

தமிழாசிரியராகிய யாம் மற்றொன்றையும் கூறியேயாக வேண்டும். ஆங்கிலப் பக்கத்தைப் பிரதி எடுத்தல் தாதிக்குப் போதும், தாய்க்குப் போதாது. தோட்டத்துத் தாய்க்கு வேண்டியது தமிழ்ப் பக்கம். மொழிபெயர்த்தலும் ஆசிரியரின் உரிமைகளுள் ஒன்றாகவே சட்டத்திற் கூறப்பட்டுள்ளது. முற்காலத்தில் இத்தளை இருக்கவில்லை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலிருந்து தமிழிலே மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். 1867 இல் இரணவைத்தியம், 1872 இல் மனுஷ அங்காதிபாதம், 1875 இல் கெமிஸ்தம் என மேனாட்டு நூல்களைத் தமிழாக்கி வெளியிட்டார். பேர்ண் உடன்படிக்கை தோன்றியதோ 1886 இலேதான். இன்றோ அங்ஙனம் ஒரு நூலைத் தமிழாக்க விரும்புவோர் முதலிற் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும்.

ஆயினும் திறந்த கதவுகளும் உள. உலக சுகாதார நிறுவனம் 2016 ஆம் ஆண்டின் இறுதி தொட்டுத் தன் வெளியீடுகளைத் திறந்த உரிமம் ஒன்றின்கீழ் வெளியிட்டு வருகின்றது. இலாப நோக்கின்றி அவற்றைப் பிரதி செய்யலாம், மொழிபெயர்க்கவும் செய்யலாம், தனி அனுமதி வேண்டுவதில்லை. மூலத்தைக் குறிப்பிடல், அந்நிறுவனத்தின் இலச்சினையை இடாதிருத்தல், மொழிபெயர்ப்பு அந்நிறுவனத்தினுடையதன்று என்று எழுதுதல், நம் ஆக்கத்தையும் அதே உரிமத்தின்கீழ் வெளியிடல் என்பனவே நிபந்தனைகள். டேவிட் வேர்ணர் என்பார் மெக்சிக்கோ நாட்டு மலைக்கிராமங்களுக்கென எழுதி, 1977 இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ‘மருத்துவர் இல்லாத இடத்தில்’ என்னும் பொருள்தரும் பெயருடைய நூல், தன் பக்கங்களை ஏழைகளுக்காக இலாபமின்றிப் பிரதி செய்வோர்க்குத் தானே இடங்கொடுத்தது. உலகின் பல மொழிகளிலும் பரவிற்று. 1887 இல் தொடங்கிய இலங்கை மருத்துவ சஞ்சிகையின் கட்டுரைகளையும் இன்று எவரும் கணினியிற் கட்டணமின்றிப் படிக்கலாம்.

எம் மாணவி மீண்டும் வந்தபோது இக்கதவுகளை அவளுக்குக் காட்டினோம். குழந்தைகளின் வயிற்றோட்டத்தைப் பற்றித் தோட்டத்துத் தாய்மார்க்கு ஒரு துண்டுப்பிரசுரம் வேண்டும் என்றாள். திறந்த உரிமமுடைய வெளியீடு ஒன்றை எடுத்து, இருவருமாக அமர்ந்து தமிழாக்கினோம். பாடநூல்கள் கூறும் ‘நீரிழப்பு’ என்னும் சொல்லை யாம் எழுதினோம். “சேர், எங்க லயத்துல இது புரியாதுங்க. ‘உடம்புல தண்ணி வத்திப் போறது’ன்னுதான் சொல்லுவாங்க” என்றாள். இரண்டையும் அடுத்தடுத்து இட்டோம். கண் குழிவிழுதல், நா வறளல், அழும்போது கண்ணீர் வாராமை என்னும் அறிகுறிகளையும், ஜீவனியைப் பொதியிற் குறித்தவாறு கொதித்தாறிய நீரிற் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டும் முறையையும், எப்போது வைத்தியசாலைக்கு விரையவேண்டும் என்பதையும் எளிய நடையில் அமைத்தோம். அப்பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியின் பார்வைக்கு அனுப்பித் திருத்தம் பெற்றோம். நிபந்தனைப்படி அடியில் மூலத்தையும் எம் பொறுப்பையும் குறித்தோம். பிள்ளைக் காம்பராவின் சுவரிலே அது ஒட்டப்பட்டபோது, எவரிடமும் எடுக்காத, எவருக்கும் கடன்படாத ஒரு பக்கம் அது என்னும் நிறைவு எமக்கு உண்டாயிற்று.

உரிமையையும் பொதுநலத்தையும் இணைத்தற்குத் தமிழருக்கு ஒரு நல்ல முன்மாதிரி ஏற்கெனவே உண்டு. பாரதியாரின் நூல்களின் உரிமையைச் சென்னை அரசாங்கம் 1949 இல் தன் வசமாக்கிப் பின்னர் மக்களுக்கே உரித்தாக்கிற்று. அதன்பின் தமிழ்நாட்டு அரசாங்கம் எழுத்தாளர் பலரின் நூல்களை, மரபுரிமையாளர்க்குத் தொகை கொடுத்து, நாட்டுடைமையாக்கி வந்துள்ளது. கவிதைக்கும் கதைக்கும் செய்ததைச் சுகாதார நூலுக்குச் செய்தலாகாதோ? நம் நாட்டில் தமிழில் வெளிவந்த நல்ல மருத்துவ, தாதிமை நூல்கள் சிலவற்றின் உரிமையை நியாய விலைக்குப் பெற்றுப் பொதுவாக்கினால், எழுதியவரும் வாழ்வார், படிப்பவரும் வாழ்வார். 2022 ஆம் ஆண்டு நெருக்கடியிலே தாளின்றி மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே தள்ளிவைக்கப்பட்டதை நாம் கண்டோம். தாளின் அருமை அறிந்த நாட்டிலே, ஒரே நூலை ஆயிரம் பேர் தனித்தனியே மறைவாகப் பிரதி எடுத்தலினும், வெளிப்படையாக ஒருமுறை பெற்றுப் பகிர்தல் சிக்கனமுமாகும்.

இம்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவருள் வைத்தியரும் உளர், வழக்கறிஞரும் உளர், அமைச்சுகளில் உயர்பதவி வகிப்போரும் உளர். வைத்திய நண்பர்களிடம் யாம் வேண்டுவது இது: நீங்கள் தமிழில் எழுதும் நூலின் இரண்டாம் பக்கத்திலே, எவ்வளவைப் பிரதி செய்யலாம், எவர் செய்யலாம் என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். அவ்விரு வரி இன்மையால் நூலகர் அஞ்சுகின்றார். அச்சமில்லாத கடைக்காரரோ முழுவதையும் எடுத்துவிடுகின்றார். வழக்கறிஞர்களிடம் வேண்டுவது: சட்டத்தின் 12 ஆம் பிரிவை எளிய தமிழில் ஒரு பக்கமாக எழுதி, ஊவா வைத்தியசாலை நூலகங்களிலே பிரதி இயந்திரத்தின் அருகே தொங்கவிடற்கு உதவுங்கள். உயர்பதவி வகிப்போரிடம் வேண்டுவதை மேலே கூறிவிட்டோம். மாணவத் தம்பிமாரிடம் வேண்டுவது மிகச் சிறிது: பிறர் நூலிலிருந்து ஒரு பக்கம் எடுத்தால், எழுதியவரின் பெயரையும் உடன் எடுங்கள். பெயரைக் காத்தற்குப் பணம் வேண்டுவதில்லை.

இவ்வளவும் பிறர்க்குச் சொல்லிவிட்டு எம் பங்கை மறைத்தல் முறையன்று. எம் இலக்கணப் பயிற்சி நூலின் புதிய பதிப்பிலே, தோட்டப் பாடசாலை ஆசிரியர் எவரும் தம் வகுப்புக்கு வேண்டிய பக்கங்களைக் கட்டணமின்றிப் பிரதி எடுக்கலாம் என்றும், விற்றல் ஆகாது என்றும், ஆசிரியர் பெயரை நீக்கலாகாது என்றும் பொறித்துள்ளோம். இக்கட்டுரையையும் அவ்வாறே கொள்க. நூலகங்களும் பாடசாலைகளும் இதனை முழுமையாகவோ பகுதியாகவோ பிரதி செய்துகொள்ளலாம். இம்மலரின் பெயரை மட்டும் அதனடியிற் குறிப்பிடுவார்களாக.